பந்து ஊசியை மறக்காதீர்கள்

சபை விளையாட்டு அணிகளின் வெளிநாட்டு ஊழியப் பயணம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நான்கு முறை அணிகளோடு போய் வந்த வாலிபால் பயிற்சியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் சபை வாலிபர்கள் 12 பேர் வாலிபால் அணியாகப் பத்து நாள் ஊழியத்துக்கு வெளிநாடு போகிறோம். எல்லோருக்கும் இதுதான் முதல் தடவை. ஆட்டத்துக்கு நடுவில் எப்போது எங்கள் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்வது?

தம்பி, நடுவில் சொல்லவே வேண்டாம். இடைவேளையில் சாட்சி சொல்லும் வழக்கம் வாலிபாலில் வந்ததல்ல. 1952இல் டான் ஓடில் என்ற பயிற்சியாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கூடைப்பந்து அணி ஒன்றைத் தைவானுக்குக் கூட்டிப் போனார். ஆட்ட இடைவேளையில் அவர்கள் பாடினார்கள், சாட்சி சொன்னார்கள். பிறகு பல அணிகள் அதையே பின்பற்றின. கூடைப்பந்திலும் கால்பந்திலும் அதற்கு நேரம் உண்டு. நமக்கு ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவே மூன்றே நிமிடம். வியர்வை துடைத்துத் தண்ணீர் குடிப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள்.

அதனால் ஆட்டம் முடிந்து கை குலுக்கிய பிறகு ஒருவர் மட்டும் ஐந்து நிமிடம் பேசட்டும். மொழிபெயர்ப்போடு அது பத்து நிமிடமாகிவிடும். நின்றுகொண்டிருக்கும் கூட்டத்துக்கு அதுவே அதிகம். பேசப்போவதை முதல் நாள் இரவே எழுதி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். என் முதல் பயணத்தில் ஒரு பையன், தனக்கு ‘ஆத்தும பாரம்’ (மற்றவர்களின் ஆத்துமாவைக் குறித்த அக்கறை) இருப்பதாக ஆங்கிலத்தில் உருக்கமாகச் சொன்னான். மொழிபெயர்த்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவன் ஏதோ கனமான சுமையைத் தூக்கி வந்திருப்பதாகச் சொல்லிவிட்டார். கூட்டம் அவன் கைப்பையைப் பார்த்தது. அவன் மனதில் இருந்தது உண்மை, அது அங்கே போய்ச் சேரவில்லை. சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்களை விட்டுவிட்டு, வீட்டில் பேசுவதுபோலப் பேசச் சொல்லிப் பழக்குங்கள். சர்வீஸ் பயிற்சிக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியாவது இதற்குக் கொடுங்கள்.

கேள்வி: சுற்றுலா விசாவில் போய் சுவிசேஷம் சொல்லலாமா? எல்லோரும் அப்படித்தானே போகிறார்கள்?

எல்லோரும் போகிறார்கள் என்பது காரணமாகாது. போகும் நாட்டின் சட்டம் என்ன, எந்த விசாவில் எதைச் செய்யலாம் என்று அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். நேபாளத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப்படி, மதம் மாற்றினால் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நாம் பத்தாம் நாள் விமானம் ஏறிவிடுவோம். அதன் பிறகு விசாரணை என்று வந்தால் கதவு தட்டப்படுவது நம்மை அழைத்த போதகர் வீட்டில்தான். அவர் ‘இங்கே விளையாடுங்கள், பேச வேண்டாம்’ என்று சொன்னால் விளையாடுங்கள், பேசாதீர்கள். பிள்ளைகளைப் படமெடுத்து வெளியிடுவதும் அப்படித்தான். அவரையும் பெற்றோரையும் கேட்காமல் செய்யாதீர்கள்.

கேள்வி: உள்ளூர் அணி மிகவும் பலவீனமாக இருந்தால் வேண்டுமென்றே தோற்கலாமா?

கூடாது. விளையாடத் தெரிந்த எவனுக்கும் அது உடனே தெரிந்துவிடும், அவமானமாக இருக்கும். ஒரு செட் முழு மனதோடு ஆடுங்கள். அப்புறம் இரண்டு அணியையும் கலந்து பிரித்துவிடுங்கள். ஒரே பக்கம் நின்று பந்து தூக்கிக் கொடுத்தால் பேர் தெரிந்துவிடும், பேச்சும் தானாக வரும்.

கேள்வி: பயணத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வைத்திருக்கிறார்கள். ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடெல் ஞாயிறன்று ஓட மறுத்தாரே, என் மகள் ஆடலாமா?

சகோதரி, உங்கள் மகளின் மனச்சாட்சி என்ன சொல்கிறது என்று முதலில் அவளைக் கேளுங்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஞாயிறன்று வந்ததால் லிடெல் அதில் ஓடவில்லை. 400 மீட்டர் ஓடி, 47.6 விநாடியில் தங்கம் வென்றார். எல்லோரும் அதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. அடுத்த வருடமே சீனாவுக்குப் போனார். 1945இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் இறக்கும்வரை அவருடைய ஊழியம் அந்த நாட்டில்தான். முகாமில் பிள்ளைகள் ஞாயிறன்று ஹாக்கி ஆடிச் சண்டை போட்டபோது அவரே நடுவராக வந்து நின்றார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தனக்காக ஓடாத மனிதர் பிள்ளைகளுக்காக மைதானத்தில் இறங்கினார். இரண்டையும் மகளிடம் சொல்லுங்கள், முடிவை அவளே எடுக்கட்டும். ஆடமாட்டேன் என்றால் பயிற்சியாளர் அவளை வற்புறுத்தக் கூடாது.

கேள்வி: பத்து நாளில் என்ன ஆகிவிடும்? இத்தனை பேருக்கு விமான டிக்கெட் எடுக்கும் காணிக்கையை அங்குள்ள சபைக்கே அனுப்பிவிடலாமே?

ஐயா, இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒரே ஒரு தடவை போய், படம் எடுத்து, திரும்பி வருவதாக இருந்தால் நீங்கள் சொல்வதுபோல் அனுப்பிவிடுவதே நல்லது.

முதல் பயணத்தில் நாங்கள் பத்துப் புதுப் பந்துகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மன நிறைவோடு திரும்பினோம். அடுத்த வருடம் அதே ஊருக்குப் போனபோது, சபையின் பின்னறையில் ஒரு சாக்கில் பத்தும் இருந்தன. புதுமை மாறாமல், காற்று இறங்கி, கிண்ணம்போலக் குழிந்து கிடந்தன. பம்பும் ஊசியும் நாங்கள் வைத்துவிட்டு வரவில்லை. யாரோ சைக்கிள் பம்பை வைத்து முயன்றிருக்கிறார்கள், இரண்டு பந்துகளின் வால்வு கிழிந்திருந்தது. அந்தப் போதகர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. பத்து நாளும் நாங்கள் எங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்த வருடம் ஆட்டங்களைப் பாதியாகக் குறைத்தோம். காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, உள்ளூர் வாலிபர் இருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பயிற்சி கொடுக்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்தோம். கயிறு கட்டி வலை தைப்பது, பந்துக்குள் செருகும் முன் ஊசியைத் தண்ணீரில் நனைப்பது வரை. நான்காம் நாள் பயிற்சியை அவர்களே நடத்தினார்கள், நாங்கள் பந்து பொறுக்கிப் போட்டோம். மூன்றாவது முறை போனபோது எங்களுக்கு முன்னாலேயே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அந்த இருவரில் ஒருவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்னை ஓரமாக உட்காரச் சொன்னார்.