கமராப் பெட்டி: சம்மாட்டியின் கொப்பி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி படம் விற்பதைப் பற்றியது. ஒருவர் கடை திறக்கிறார். மற்றவர்கள் கடைக்காரரிடம் படத்தைக் கொடுக்கலாமா என்று பயப்படுகிறார்கள். கடைக்காரத் தம்பியின் கடிதத்தை முதலில் எடுக்கிறேன். பதில் நீண்டுவிட்டது, ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, நானும் இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து படங்கள் விற்கும் இணையத்தளம் ஒன்று செய்திருக்கிறோம். எங்கள் பக்கத்துப் படங்கள் மட்டும்: கடல், வயல், கோயில், கலியாண வீடு, சாப்பாடு. ஒரு படம் 150 ரூபா. பாதி எடுத்தவருக்கு, பாதி எங்களுக்கு. ஊரில் நல்லாகப் படம் எடுக்கும் பன்னிரண்டு பேரிடம் கேட்டோம். "விலை மலிவு" என்று சொல்லி ஒருவரும் தரவில்லை. விலையைக் கூட்டவா?
— 'வலைக்காரன்', உப்புவெளி

பதில்: கூட்ட வேண்டாம் தம்பி. "விலை மலிவு" என்பது முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய காரணம். சொல்லாத காரணம் வேறு.

ஒரு விடியக்காலை சல்லிப் பக்கம் கரவலை இழுக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். மீன் விலை விழுந்த நாளில் யாரும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியோடு சண்டைக்குப் போவதில்லை. எவ்வளவுக்குப் போனது என்று அவர் வாய் திறக்காத நாளில்தான் சண்டை. நான் படமெடுக்கப் போய்வந்த ஒரு வாடியில் சம்மாட்டி ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார். எத்தனை கிலோ, யார் எடுத்தது, டீசலுக்கு எவ்வளவு, தேத்தண்ணிக்கு எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். நூல் கட்டி ஆணியில் தொங்கவிட்டிருப்பார். யாரும் எடுத்து விரிக்கலாம். நான் போன நாட்களில் ஒருவர்கூட அதை விரித்ததைக் காணவில்லை.

உங்கள் தளத்துக்குள் நான் போய்ப் பார்த்தேன். வாங்குபவருக்கு நல்ல வாசல் வைத்திருக்கிறீர்கள். படம் கொடுத்தவர் தன் கணக்கைப் பார்க்க ஒரு பக்கமும் இல்லை. "மாத முடிவில் மின்னஞ்சல் அனுப்புவோம்" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. கொப்பி உங்கள் மடியில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

என் கதையையும் கேளுங்கள். முதல் டிஜிற்றல் கமரா வாங்கின காலத்தில் ஒரு வெளிநாட்டுத் தளத்துக்கு 212 படம் ஏற்றினேன். பெயர் வேண்டாம். அந்த நாளைய இணைப்பில் ஒரு படம் ஏறக் கால் மணித்தியாலம் எடுக்கும். நான் பெருமைப்பட்ட கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஒன்றுகூடப் போகவில்லை. வீட்டில் அவசரத்துக்கு எடுத்த நண்டுக்கறிக் கோப்பை திரும்பத் திரும்ப விற்றது. ஆகக் குறைந்தது 50 டொலர் சேர்ந்தால்தான் காசு எடுக்கலாம் என்பது அவர்கள் சட்டம். எனக்கு 48 டொலர் சேர்ந்த நேரம் அதை 100 ஆக்கினார்கள். அடுத்த வருடம் தளத்தையே மூடிவிட்டார்கள். அந்த 48 டொலர் இன்னும் எங்கேயோ என் பெயரில் கிடக்கிறது. 25 சதத்துக்கு விற்றார்கள் என்ற கோபம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, தம்பி. இடையில் சட்டத்தை மாற்றினதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெரிய தளங்களிலும் மனக்கசப்பு வந்தது விலையால் மட்டுமென்று நினைக்காதீர்கள். மலிவுப் படச் சந்தை என்ற ஒன்றை முதலில் தொடக்கியவர் புரூஸ் லிவிங்ஸ்டன். கனடாவின் கல்கரியில், 2000இல், ஐஸ்ரொக்போட்டோ என்ற தளம். 2006இல் படம் விற்கும் பெரிய நிறுவனமான கெற்றி அதை 5 கோடி டொலருக்கு வாங்கியது. பிறகு 2011இல் பங்குக் கணக்கை மாற்றியபோது, வேறிடங்களிலும் விற்கும் படக்காரருக்கு நூற்றுக்கு 15 முதல் 20 வரைதான் என்று ஆனது. இன்னொரு பெரிய தளமான ஷட்டர்ஸ்ரொக்கும் 2020 யூனில் படிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. நூற்றுக்கு 15இல் தொடங்கி விற்க விற்க 40 வரை ஏறலாம். ஆனால் ஒவ்வொரு ஜனவரி முதலாந் திகதியும் எல்லோரும் திரும்பக் கீழ்ப்படிக்கு வர வேண்டும். பத்து வருடம் படம் கொடுத்தவரும் அன்றைக்குப் புதுப் பொடியன்தான். பலர் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து எடுத்து எதிர்ப்புக் காட்டினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி என்னவென்றால், அதே லிவிங்ஸ்டன் 2013இல் வேறு சிலரோடு சேர்ந்து ஸ்ரொக்சி என்ற தளத்தைக் கூட்டுறவாகத் தொடங்கினார். படக்காரர்களே அங்கத்தவர்கள். சாதாரண விற்பனையில் பாதி அவர்களுக்கு, கூடுதல் உரிமையோடு விற்றால் நூற்றுக்கு 75. அங்கே விலை மலிவில்லை, அது உங்களுக்குச் சரிவராது. ஆனால் கூட்டுறவுச் சங்கம் நடத்துவது நம்முடைய ஆட்களுக்கும் தெரியாத வேலையா? கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கு வாசிக்கும் நாளைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சத்தம் உங்கள் தளத்திலும் கேட்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில், உங்கள் தளத்தில் இப்போது இருப்பது 31 படம். ஷட்டர்ஸ்ரொக்கை 2003இல் தொடங்கிய ஜோன் ஒரிங்கர் தானே எடுத்த 30,000 படங்களோடு கடை திறந்தார். மற்றவனுடைய படத்தைக் கேட்பதற்கு முன் தன் படத்தை அந்த விலைக்கு வைத்தார் என்பதுதான் விசயம். நீங்கள் மூன்று பேர். ஆளுக்கு நூறு படமாவது போடுங்கள்.

அடுத்தது கணக்குப் பக்கம். எந்தப் படம், எந்த நாள், என்ன விலை, எந்த மாதிரி ஆள் வாங்கினது, என் பங்கு எவ்வளவு: விற்ற அந்த நிமிடமே தெரிய வேண்டும். காசு எடுக்க ஆகக் குறைந்த தொகை 5,000 என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் கணக்கின்படி ஒரு படத்துக்கு 75 ரூபா. அப்படியானால் 67 படம் விற்ற பிறகுதான் ஒருவர் முதல் காசைக் காண்பார். 500 ஆக்குங்கள், ஏழாவது விற்பனையோடு காசு கையில். விலகிப் போகிறவருக்கும், தளமே மூடினாலும், 75 ரூபா கிடந்தால் அந்த 75உம் போக வேண்டும். இதை எழுத்தில் போடுங்கள். நண்டுக்கறிக்காரன் கேட்கிறேன்.

காசு விசயத்தில் உங்களிடம் ஒரு பெரிய சீட்டு இருக்கிறது, அதை நீங்களே கவனிக்கவில்லை. இலங்கையிலிருந்து பேபால் என்ற இணையப் பணச் சேவையில் காசு அனுப்பலாம், வாங்குவதற்குத்தான் நெடுங்காலமாக வழி இல்லாமல் இருந்தது. வெளிநாட்டுத் தளங்களுக்குப் படம் கொடுக்கிற நம் ஆட்கள் பேயோனியர் போன்ற வேறு வழிகளைச் சுற்றித்தான் காசை எடுக்கிறார்கள். நீங்கள் நேரே மக்கள் வங்கிக் கணக்கில் ரூபாவாகப் போடலாம். முகப்பிலே எழுத வேண்டிய செய்தி அது. நீங்கள் எழுதியிருப்பது "கனவுகளுக்குச் சிறகு".

விதிமுறைகள் தமிழில், ஒரு பக்கத்துக்குள். பங்கு வீதத்தை மாற்றுவதென்றால் மூன்று மாதம் முன்னரே சொல்லுங்கள்; விரும்பாதவர் படத்தை எடுத்துக்கொண்டு போகலாம். வேறு இடத்திலும் விற்கலாம். செயற்கை நுண்ணறிவைப் பழக்குவதற்குப் படங்களைக் கொடுக்கும் யோசனை இருந்தால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுக்கக் கூடாது.

இதையெல்லாம் விட அவசரமானது வாங்குகிற ஆள். படக்காரரைத் தேடி அலைந்த நேரத்தில் பாதியை அதற்குச் செலவழித்தீர்களா? உங்கள் போட்டி அமெரிக்கத் தளம் இல்லை. கூகுளில் தேடி, வலது கிளிக் பண்ணி, சும்மா எடுத்துப் போடும் அச்சகத் தம்பிதான். அவனுக்கு விலை பூச்சியம். நிலாவெளி, உப்புவெளி விடுதிக்காரர் கையில் காசு புழங்குவது மே முதல் செப்டெம்பர் வரை. மார்ச்சிலேயே போய்ப் பாருங்கள். கலண்டர் அடிக்கிறவர்களிடம் ஒக்டோபருக்கு முன். பொன்னுருக்கு, நிறைகுடம், கரவலை என்று தமிழில் அடித்தால் படம் வருகிறது என்பதை அவர்கள் முன்னாலேயே செய்து காட்டுங்கள். உலகத் தளங்களில் கலியாணம் என்று தேடினால் வெள்ளைக் கவுன்தான் முதலில் வந்து நிற்கும்.

ஒருவருடைய படம் கலண்டரில் வந்தால், ஒரு கலண்டரை வாங்கி அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். பன்னிரண்டு பேரில் நாலு பேர் அதற்குப் பிறகு தாங்களே வருவார்கள்.

கணக்குப் பக்கம் போட்டதும் எனக்கு அறிவியுங்கள். நண்டுக்கறி உட்பட 48 படம் தருகிறேன்.

கேள்வி: சேர், கொழும்பு நிறுவனம் ஒன்று கிண்ணியாப் பாலத்திலிருந்தும் கரையிலிருந்தும் நான் எடுத்த 60 படங்களை "சகல உரிமைகளும், நிரந்தரமாக" என்று எழுதி 20,000 ரூபாவுக்குக் கேட்கிறது. ஒரேயடியாகக் காசு வருகிறது. கொடுக்கலாமா?
— ஒரு ஆசிரியை, கிண்ணியா

பதில்: ரீச்சர், படத்துக்கு 333 ரூபா விழுகிறது, மேலே உள்ள தம்பியை விடக் கூட. ஆனால் அவர் கேட்பது வாடகைக்கு. இவர்கள் கேட்பது உறுதி எழுதி. கையெழுத்து வைத்த பிறகு உங்கள் பள்ளிக்கூட மலருக்குக்கூட அந்தப் படத்தைப் போட அவர்களிடம் கேட்க வேண்டி வரும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எடுத்த நேரமே உரிமை உங்களுடையது, எங்கும் பதியத் தேவையில்லை. "இரண்டு வருடத்துக்குப் பாவிக்கலாம், மற்றவர்களுக்கும் நான் கொடுப்பேன்" என்று திருத்தி அனுப்பிப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால், மனம் ஒட்டாத பத்துப் படத்தை மட்டும் விற்றுவிடுங்கள். அப்படிப் பத்து எல்லாரிடமும் இருக்கும்.

கேள்வி: வயலில் களை பிடுங்கும் ஒரு பெரியம்மாவின் முகத்தை மிக அழகாக எடுத்தேன். விற்க அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டுமா? அவருக்கு வாசிக்கத் தெரியாது.
— வாசகர், தம்பலகாமம்

பதில்: பத்திரிகைச் செய்திக்கு, கட்டுரைக்கு என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. விளம்பரத்துக்குப் போகக்கூடிய படமென்றால் சம்மதக் கடிதம் கட்டாயம், தளங்களும் கேட்கும். நான் ஒருமுறை இதில் பிழை விட்டேன். கடற்கரையில் எடுத்த ஒரு ஐயாவின் படத்தை விற்றேன். ஆறு மாதத்தில் அவர் முகம் மூட்டுவலித் தைலத் துண்டுப்பிரசுரத்தில் வந்தது. மகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்ரூடியோவுக்கு வந்தாள். "அப்பாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, சம்பந்தம் பேசுகிற வீட்டில் கேட்கிறார்கள்" என்றாள். மன்னிப்புக் கேட்டேன், வந்த காசைக் கொடுத்தேன். அவள் காசை வாங்கவில்லை. அன்றிலிருந்து தமிழில் அடித்த கடிதம் என் பையில் இருக்கும். பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒருவரைச் சாட்சிக்கு வையுங்கள். விளம்பரத்தில் வரலாம் என்பதை விழுங்காமல் சொல்லுங்கள். படத்தில் ஒரு பிரதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் பிரெட்ரிக் கோட்டை மான்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டுமா?
— குறும்பன், திருகோணமலை

பதில்: மானுக்கு வேண்டாம். ஆனால் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, காவலில் நிற்பவரிடம் கேட்டுவிட்டுக் கமராவைத் தூக்குங்கள். மானின் வாயில் பொலித்தீன் இருந்தால் அந்தப் படத்தை விடுதிக்காரர் வாங்கமாட்டார். எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுவோம்.