காலண்டர் தாளின் பின்பக்கம்

மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு, கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பெரியப்பா, கூடவே பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் நீட் கோச்சிங்கும் போய்வந்த பெண். இரண்டு முறை எழுதியும் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை. பெரியப்பா கையில், வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடும் ஏஜென்சிக்காரர்கள் கொடுத்த வண்ணத் தாள்கள். அப்பா கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் அவர்களுடைய வயலுக்கான பத்திரத்தின் நகல். அந்த வயலை அடமானம் வைத்துப் பெண்ணை அனுப்பத்தான் அதைக் கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆனது.

"ஜார்ஜியாவா, பிலிப்பைன்ஸா, எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க மேடம். மத்ததெல்லாம் முடிவு பண்ணியாச்சு" என்றார் பெரியப்பா.

முதலில் வழக்கம்போல ஆறுதலாகத்தான் பேசினேன். நீட் ஒன்றே வாழ்க்கை இல்லை, பதற வேண்டாம் என்றெல்லாம். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. பாட்டியைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பாட்டிக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் படுக்கையில் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்யும்போது "அப்பப்போ திருப்பிப் படுக்க வைங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எப்படித் திருப்புவது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, தோலில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் செய்து காட்டவில்லை. திருப்பியதும் துடைத்ததும் பெரும்பாலும் இந்தப் பெண்தான்.

"அப்பவும் எதையாவது கிறுக்கிக்கிட்டே இருப்பா" என்றார் அம்மா, குறையாக. என்ன கிறுக்கினாய் என்று கேட்டேன். செல்போனில் படம் காட்டினாள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் வெற்றுப் பின்பக்கத்தில் நான்கு கட்டம்: நேரம், எந்தப் பக்கம், தோல் சிவப்பா, துணி ஈரமா. அப்படி எழுபது எண்பது தாள். "திருப்பினாலும் சில நாள் சிவந்துச்சு மேடம். ஏன்னு பார்த்தேன். துணி ஈரமா இருந்த நாள்லதான் அப்படி ஆச்சு. அப்புறம் ராத்திரி ரெண்டு தடவை துணி மாத்தினோம், குறைஞ்சுது" என்றாள்.

அதற்குமேல் ஆறுதல் பேச எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டேன். இதே வண்ணத் தாள்களோடு பல வீடுகளில் இந்த வாரமும் பேச்சு நடந்துகொண்டிருக்கும். அதனால் அன்று சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வயல். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் இங்கே வந்து எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில், 2024 ஜூனில் எழுதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் தேறினார். 2021இல் வந்த விதிப்படி அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து இங்கே மறுபடியும் 12 மாதப் பயிற்சி. ஏஜென்சியின் தாளில் கல்லூரிக் கட்டடம் இருந்தது, பனி இருந்தது, இந்த விவரம் எதுவும் இல்லை. திரும்பி வந்து தேறாவிட்டால் வயலும் இருக்காது, கையில் வேலையும் இருக்காது. அந்தக் குடும்பத்தில் அடுத்து ஒரு தம்பி பத்தாம் வகுப்பில் இருக்கிறான். ஒரு பிள்ளையின் படிப்புக்காக வீட்டின் ஒரே சொத்தை அடமானம் வைக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். அதுவும் அந்தப் பிள்ளை கேட்காத படிப்புக்கு.

நர்சிங் என்று நான் சொன்னதும் பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெட்பேன் தூக்கவா இவ்வளவு படிக்க வெச்சோம்?" என்றார். அவருடைய அம்மாவுக்கு எட்டு மாதம் பெட்பேன் வைத்து எடுத்தது யார் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது, ஆனால் அந்தக் கேள்வி தேவைதான்.

ஸ்டாஃப் நர்ஸ் வேலை, மத்திய அரசு மருத்துவமனைத் தேர்வு, வளைகுடா, ஜெர்மனி எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தவர் வீட்டில் யாராவது போயிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது நர்சிங் ஆராய்ச்சி. நோயாளியைப் பராமரிப்பதிலும், நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லிக் கொடுப்பதிலும் எது பலன் தருகிறது, எது தரவில்லை என்று எண்ணிப் பார்த்து நிரூபிக்கிற வேலை. நம் ஊரில் இப்படியொரு பாதை இருப்பதையே பலர் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் காலண்டர் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ், முதியோர் வார்டுகளில் படுக்கைப் புண் ஏன் வருகிறது என்று ஆராய்ந்து 1962இல் வெளியிட்டார். அதற்கு முன்பு புண் வராமல் இருக்க ஸ்பிரிட் தேய்ப்பார்கள், இன்னும் என்னென்னவோ தடவுவார்கள். எதைத் தடவுகிறோம் என்பது பெரிதல்ல, நேரம் தவறாமல் திருப்பி அழுத்தத்தைக் குறைப்பதுதான் பெரிது என்று நார்ட்டன் குழு காட்டியது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, சிறுநீர் மலம் அடக்க முடிகிறதா என்று ஐந்து விஷயத்துக்கு மதிப்பெண் போட்டு யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் அளவுகோலையும் தந்தது. பிறகு 1980களில் அமெரிக்க நர்ஸ்களான பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் இன்னொரு அளவுகோல் உருவாக்கினார்கள். இன்று உலகின் பல நாடுகளில் வார்டுகளில் அது பயன்படுகிறது. அதில் பார்க்கும் ஆறு விஷயங்களில் ஒன்று ஈரம். கரூர்ப் பக்கத்து வீட்டில் ஒரு பெண் யாரும் சொல்லித் தராமல் தானாகக் கண்டுபிடித்த அதே ஈரம்.

இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இதையெல்லாம் நர்ஸ் கண்டுபிடிச்சாங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

இன்னொன்றும் சொன்னேன். லிண்டா எய்கன் என்ற நர்சிங் ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று 2002இல் வெளியிட்டார். வார்டில் ஆள் போதவில்லை என்று நர்ஸ்கள் புலம்புவது எல்லா ஊரிலும் உண்டு. எண்ணிக் காட்டினால் அது ஆதாரம். ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று பேரம் பேசுகிறவர்கள் இன்றும் அந்த ஆய்வை மேசையில் வைத்துத்தான் பேசுகிறார்கள்.

வெளிநாட்டுக் கதைதானே என்று நினைக்க வேண்டாம். காசநோய்க்காரரைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில்தான் வைத்துப் பார்க்க வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்த முடியுமா என்று 1956இல் தொடங்கி ஆராய்ந்து பார்த்தது நம் சென்னையில்தான். முடியும் என்று 1959இல் முடிவு வெளியானது. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. அந்த ஆய்வில் மருந்து மட்டும் வேலை செய்யவில்லை. வீட்டுக்கே போய் மாத்திரையை எண்ணி, ஒழுங்காக விழுங்குகிறாரா என்று பார்த்து, வீட்டாருக்கு எடுத்துச் சொன்ன களப்பணியாளர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. அந்த மையம்தான் இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 2022இல் தொடங்கிய தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டத்திலும் இதே சாயல்தான். பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா, காலில் வீக்கம் உண்டா, எடை எவ்வளவு என்று டாக்டர் இல்லாமலே பார்க்கக்கூடிய சில விஷயங்களை வைத்து, யாரை உடனே அட்மிட் செய்ய வேண்டும் என்று பிரிக்கிறார்கள்.

அடுத்து சுகாதாரக் கல்வி. நான் ரொம்ப நேரம் பேசியது இதைப் பற்றித்தான். பிரஷர் நோயாளியிடம் "உப்பைக் குறைங்க" என்கிறோம். அவர் சாம்பாரில் உப்பைக் குறைத்துவிடுகிறார். சப்பென்று இருக்கிறதே என்று ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் கூடச் சேர்த்துக்கொள்கிறார். கேட்டால் "உப்பைக் குறைச்சுட்டேன்" என்றுதான் சொல்வார், அது பொய்யும் இல்லை. "நேத்து என்ன சாப்பிட்டீங்க, காலையிலிருந்து சொல்லுங்க" என்று கேட்கிற நர்ஸுக்குத்தான் உண்மை கிடைக்கும். அதேபோல், சொல்லிக் கொடுத்த பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் உங்க மருமகளுக்கு எப்படிச் சொல்வீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேட்டால்தான் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரியும். இந்த முறையில் சொல்லிக் கொடுத்தவர்களும் சும்மா தாள் கொடுத்து அனுப்பப்பட்டவர்களும் மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் அது ஆராய்ச்சி. இதைத் தமிழில், நம் சாப்பாட்டை, நம் வீட்டு அமைப்பை, மாமியார் மருமகள் பேச்சை அறிந்து செய்ய ஆள் வேண்டும். பாஸ்டனிலிருந்து யாரும் வந்து செய்ய முடியாது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரிகளில் எம்.எஸ்.சி. நர்சிங் ஆய்வேடுகளில் ஏராளமானவை ஒரே அச்சு. ஏதோ ஒரு நோய், அதைப் பற்றி ஒரு பாடம், பாடத்துக்கு முன் ஒரு கேள்வித்தாள், பின் அதே கேள்வித்தாள், மதிப்பெண் கூடியது என்று முடிவு. பாடம் நடத்தினால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். நோயாளி மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா, புண் ஆறியதா, மறுபடி அட்மிட் ஆனாரா என்பதுதான் கேள்வி. இதைப் படிக்கிற மாணவிகள் யாராவது இருந்தால், உங்கள் ஆய்வுக்கு அந்தக் கேள்வியையே வைத்துக்கொள்ளுங்கள். கைடு சம்மதிக்கும்வரை விடாதீர்கள்.

வழி இப்படித்தான். பி.எஸ்.சி. நர்சிங் 4 வருடம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்து இடம், நீட் தேவையில்லை. 2021இல் மாற்றிய பாடத்திட்டப்படி ஏழாவது செமஸ்டரில் ஆராய்ச்சியும் புள்ளியியலும் ஒரு பாடமாகவே வருகிறது. அதன் பிறகு வார்டில் குறைந்தது ஒரு வருடம் வேலை. இது எம்.எஸ்.சி. சேர விதியே கேட்பது. நான் இரண்டு வருடம் சொல்வேன், ஏனென்றால் ராத்திரி டூட்டி பார்க்காதவருக்கு ஆராய்ச்சிக் கேள்வி தோன்றாது. எம்.எஸ்.சி. 2 வருடம், பி.எஸ்.சி.யில் 55 சதவீதம் வேண்டும். சமூக சுகாதாரம், மனநலம், குழந்தை நலம் என்று பிரிவுகள் உண்டு. இந்தப் பெண்ணுக்கு நான் சமூக சுகாதாரம் அல்லது மருத்துவ-அறுவை சிகிச்சைப் பிரிவைத்தான் சொன்னேன். பிறகு பி.எச்.டி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நர்சிங்கில் பி.எச்.டி. உண்டு. வேலூர் சி.எம்.சி. 1946லேயே நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிய இடம், அங்கே ஆராய்ச்சி மரபு பழையது.

அதுவரை சும்மா காத்திருக்கவும் வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டங்களில் பிராஜெக்ட் நர்ஸ் பணியிடங்கள் வரும். அம்பத்தூர்ப் பக்கம் அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் மருந்து ஆய்வுகளுக்கு ஸ்டடி நர்ஸ், கோஆர்டினேட்டர் எடுக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தை நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்லி, அவர் மனதார "சரி" சொல்கிறாரா, டாக்டருக்குப் பயந்து தலையாட்டுகிறாரா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு. ஆனால் இவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். தனியார் மருத்துவமனையில் ஆரம்பச் சம்பளமும் குறைவுதான். இதைச் சொல்லாமல் உங்களை அனுப்பமாட்டேன்.

அரசு இடம் கிடைக்காமல் தனியாருக்குப் போனால் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைவ்ஸ் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா என்று நேரில் போங்கள், காலை பதினொரு மணிக்குப் போய் வார்டில் எத்தனை கட்டிலில் நோயாளி இருக்கிறார் என்று எண்ணுங்கள். நோயாளி இல்லாத வார்டில் உங்கள் பிள்ளை எதைக் கற்பாள்? அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் வேண்டுமென்றால், கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக வங்கிக்குப் போங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. பத்திரத்தைக் கேட்கிற வங்கியிலிருந்து எழுந்து வந்து அடுத்த வங்கிக்குப் போங்கள்.

கிளம்பும்போது அப்பா தயங்கி நின்றார். "சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னுதான் மேடம்..." என்றார். ஃபீஸ் கட்டப்போவது அவர்கள் இல்லை, நான்கு வருடம் ஹாஸ்டலில் உட்கார்ந்து படிக்கப்போவதும் அவர்கள் இல்லை என்றேன். உங்கள் மகளிடம் கேளுங்கள், ஆனால் பெரியப்பா பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள் என்றும் சொன்னேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மாவே போன் செய்தார். விண்ணப்பம் எந்தத் தேதிக்குள் போட வேண்டும், சாதிச் சான்றிதழ் போதுமா என்று கேட்டார். கடைசியில் தயங்கி, "அந்தக் காலண்டர் தாளையெல்லாம் பழைய பேப்பர்ல போடலாம்னு எடுத்து வெச்சிருந்தேன் மேடம். வெச்சுக்கணுமா?" என்றார்.

வைத்துக்கொள்ளுங்கள், தேதி வரிசையாக அடுக்கி ஒரு கவரில் போட்டு மகளிடமே கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.