காட்டுயிர் ஓவியங்கள்: கேள்வி பதில்

காட்டுயிர் ஓவியங்கள் பற்றி வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: படத்தில் ஒரு விலங்கு மட்டும்தான் இருக்கிறது. மனிதரே இல்லை. இதில் மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை எங்கே தேடுவது?

வரைந்தவர் எங்கே நின்றார் என்று தேடுங்கள். நான் எந்தக் காட்டுயிர் ஓவியத்தையும் முதலில் அப்படித்தான் பார்ப்பேன். அந்த விலங்கை அவர் எப்படிச் சந்தித்தார்? துப்பாக்கியோடா, கூண்டுக்கு வெளியிலிருந்தா, புதருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டா, இல்லை யாரோ சொன்னதைக் கேட்டா? அந்தச் சந்திப்பின் தடம் படத்தில் எங்காவது இருக்கும்.

ஜான் ஜேம்ஸ் ஆடுபான் வட அமெரிக்கப் பறவைகளை வரைந்த தொகுப்பு 1827 முதல் 1838 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. மொத்தம் 435 அச்சுப் படங்கள். எல்லாப் பறவையும் அசல் அளவில் இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பூநாரை கழுத்தை வளைத்துத் தரையை நோக்கிக் குனிந்து நிற்பது அதனால்தான். நிமிர்ந்தால் தாளுக்குள் அடங்காது. அந்தப் பறவைகளில் பெரும்பாலானவை சுடப்பட்டு, கம்பி கோத்து நிறுத்தி வரையப்பட்டவை. பறவைகள் மேல் அவருக்கு இருந்த பிரியம் உண்மை, கொன்றதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அந்தப் படங்களைப் பாதிதான் பார்த்திருப்போம்.

ஸ்வீடனைச் சேர்ந்த ப்ரூனோ லில்யெஃபோர்ஸும் வேட்டைக்காரர்தான். ஆனால் அவர் படங்களில் முயல் பனியோடும் நரி காய்ந்த புல்லோடும் கலந்து நிற்கும். சில படங்களில் விலங்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நேரமாகும். ஆடுபான் பல பறவைகளை வெள்ளைத் தாளில் தனியாக எடுத்து வைத்தார். இவர் விலங்கை அதன் இடத்திலிருந்து பிரிக்கவே இல்லை. இருவர் கையிலும் துப்பாக்கி இருந்தது, பார்வை வேறாக இருந்தது.

கேள்வி: குகை ஓவியங்கள் எல்லாம் வேட்டை நன்றாக அமைய வேண்டும் என்று வரைந்தவைதானே?

அப்படி ஒரு விளக்கம் நீண்ட காலம் செல்வாக்கோடு இருந்தது. ஆனால் பிரான்சின் லாஸ்கோ குகையைப் பாருங்கள். அங்கே கிடைத்த எலும்புகளை வைத்துப் பார்த்தால், அந்த மக்கள் சாப்பிட்டது பெரும்பாலும் ரெயின்டீர் என்ற பனிப்பிரதேச மானை. சுவரிலோ குதிரைகளும் காட்டெருதுகளும் நிறைந்திருக்கின்றன, ரெயின்டீர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஷோவே குகையில் சிங்கம், கரடி, காண்டாமிருகம், மாமூத் என்ற அழிந்துபோன யானையினம் எல்லாம் வருகின்றன. மனிதருக்குத் தினசரி உணவாக இருந்த விலங்குகள் இல்லை இவை. பயமும் வியப்பும் தந்த விலங்குகள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். லாஸ்கோவின் ஆழமான ஒரு பகுதியில், குடல் சரிந்த காட்டெருது ஒன்றின் முன்னால் ஒரு மனிதன் சாய்ந்து கிடக்கிறான். எருதின் உடலில் கனம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. மனிதனோ வெறும் கோடுகள், பறவையின் தலை. விலங்கை அவ்வளவு கைத்திறனோடு வரையத் தெரிந்தவர்களுக்கு மனிதனை வரையத் தெரியாமல் இருந்திருக்காது. தங்களை அவர்கள் அப்படி வரைந்தது ஏன் என்ற கேள்வியை நான் இன்னும் விடவில்லை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், குறைந்தது 45,500 ஆண்டுகள் பழமையான காட்டுப்பன்றி ஓவியத்தின் அருகே மனிதக் கைகளின் அச்சு இருக்கிறது. அங்கே மனிதர் தன் கையை மட்டும் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

கேள்வி: மேடம், நேரில் பார்க்காமல் வரைவது தவறா?

தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்கு விளைவு உண்டு. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1515-இல் செய்த காண்டாமிருக மரச்செதுக்குப் படம் உலகப் புகழ்பெற்றது. அவர் அந்த விலங்கைப் பார்த்ததே இல்லை. லிஸ்பனிலிருந்து வந்த ஒரு விவரக் குறிப்பையும் ஒரு ஸ்கெட்ச்சையும் வைத்து வரைந்தார். தோல் மடிப்புகள் போர்க்கவசத் தகடுகளாகிவிட்டன. தோளில் இல்லாத ஒரு சின்னக் கொம்பு முளைத்துவிட்டது. ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இதையே பார்த்து மறுபடி மறுபடி வரைந்தார்கள்.

அந்த விலங்கின் கதைதான் எனக்கு இன்னும் முக்கியம். குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியருக்குக் கொடுத்த பரிசு அது. போர்ச்சுகல் மன்னர் அதைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார். போகும் வழியில், இத்தாலிக் கரையருகே கப்பல் மூழ்கியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் நீந்த முடியாமல் செத்துப்போனது. கை மாறிக்கொண்டே போன ஓர் உயிர். அந்தக் கவசத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கேள்வி: இவ்வளவு நல்ல கேமராக்கள் வந்த பிறகு ஓவியம் எதற்கு?

பறவைகளை இனம் காணும் கையேடுகள் பல இன்றும் ஓவியங்களைத்தான் நம்புகின்றன. புகைப்படத்தில் ஒரு நொடியின் வெளிச்சம், ஒரு பறவை. ஓவியர் பல பறவைகளைப் பார்த்து அந்த இனத்துக்குப் பொதுவானதை ஒரே உருவத்தில் கொண்டுவருகிறார். ஓவியத்துக்கு வேறு சுதந்திரமும் உண்டு: ஜெர்மன் ஓவியர் ஃப்ரான்ஸ் மார்க் 1911-இல் குதிரைகளை நீலமாகத் தீட்டினார். விலங்குக்கு உலகம் எப்படித் தெரியும் என்று கற்பனை செய்ய முயன்றவர் அவர்.

கேள்வி: மன்னர்கள் விலங்குகளை வரையச் சொன்னது வெறும் ஆடம்பரம்தானே?

ஆடம்பரம் இருந்தது. ஆர்வமும் இருந்தது. ஜஹாங்கீரிடம் 1621-இல் ஒரு வரிக்குதிரை வந்தபோது, வரிகள் பூசிய சாயமோ என்று சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதை வரைந்தவர் அவரது அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர். மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும், டோடோ என்ற பறவையின் படம் ஒன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. டோடோ அந்த நூற்றாண்டிலேயே அழிந்துபோனது. உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்த படங்கள் மிகச் சில என்பதால், அதன் தோற்றத்தை அறிய ஆய்வாளர்கள் இந்தப் படத்தையும் பார்க்கிறார்கள்.

கேள்வி: காட்டோடு சேர்ந்து வாழும் மக்கள் ஏன் இந்தப் படங்களில் வருவதில்லை?

இதைக் கேட்டதற்கு நன்றி. பலரும் கேட்பதில்லை. ஆங்கிலேய ஓவியர் எட்வின் லாண்ட்சீர் 1851-இல் முடித்த கலைமான் ஓவியம் ஸ்காட்லாந்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மூடுபனி, மலை, கம்பீரமான கொம்புகள். ஆனால் அந்த மலைநாட்டிலிருந்து ஆடு மேய்ச்சலுக்காக ஏராளமான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டிருந்தன; பிறகு பெரும் பகுதிகள் செல்வந்தர்கள் மான் வேட்டையாடும் நிலங்களாக மாறின. மனிதரே இல்லாத 'தூய இயற்கை' என்று நாம் ரசிப்பது, சில இடங்களில் மனிதரைத் துரத்திய பிறகு கிடைத்த காட்சி.

விலங்கைத் தனியாகப் பிரித்துப் பார்க்காத மரபுகளும் இருக்கின்றன. மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடி ஓவியர் ஜங்கர் சிங் ஷ்யாமின் படங்களில் மானின் கொம்பு கிளைவிட்டு மரம்போல் விரியும். கனடாவின் இன்யூட் பழங்குடி ஓவியர் கெனோஜுவாக் ஆஷெவாக் 1960-இல் செய்த ஆந்தையின் இறகுகள் கதிர்கள்போல் நாலா பக்கமும் நீளும். இவற்றில் தூரத்திலிருந்து பார்க்கும் கண் இல்லை. கூடவே வாழ்ந்த பழக்கம் தெரிகிறது.

கேள்வி: ஓவியத்தால் ஒரு உயிரினத்தைக் காப்பாற்ற முடியுமா?

தனியாக முடியாது. ஆனால் பணமும் கவனமும் திரட்டித் தரும். அமெரிக்காவில் 1934 முதல் நீர்ப்பறவை வேட்டைக்குப் போகிறவர்கள் வாத்துப் படம் போட்ட முத்திரை ஒன்றை வாங்கியாக வேண்டும். அந்தப் பணம் சதுப்புநிலங்களை வாங்கிப் பாதுகாக்கப் போகிறது. பிரிட்டிஷ் ஓவியர் பீட்டர் ஸ்காட் இளமையில் காட்டு வாத்துகளைச் சுட்டுத்தள்ளினார், அவற்றை வரையவும் செய்தார்; பின்னாளில் துப்பாக்கியைக் கைவிட்டார். 1946-இல் அவற்றுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். உலகக் காட்டுயிர் நிதியத்தின் பாண்டா சின்னமும் 1961-இல் அவர் வடிவமைத்ததுதான்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பாண்டாவுக்கும் புலிக்கும் ஓவியர் கிடைக்கிறார். தவளைக்கும் பிணந்தின்னிக் கழுகுக்கும் எளிதில் கிடைப்பதில்லை. மரியா சிபில்லா மேரியன் இதில் அபூர்வமானவர். 1699-இல் மகளோடு தென் அமெரிக்காவின் சுரினாம் போய், புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி மூன்றையும் அவை தின்னும் செடியிலேயே வைத்து வரைந்து, 1705-இல் வெளியிட்டார். ஓர் உயிர் இன்னொன்றை நம்பி வாழ்வதை ஒரே தாளில் காட்டிவிட்டார்.

கேள்வி: அக்கா, நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். உயிரியல் பூங்காவில் போய் வரையலாமா? எதிலிருந்து தொடங்க?

போகலாம். எலும்பும் தசையும் எப்படி அசைகின்றன என்று பக்கத்தில் பார்க்க அது நல்ல இடம். ஆனால் கூண்டில் பார்த்த சிறுத்தையை அடர்காட்டில் நிற்பதாக வரைந்தால், படத்தின் பின்னால் அதை எழுதிவையுங்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைந்தாலும் அப்படித்தான், எடுத்தவரிடம் அனுமதியும் கேளுங்கள்.

தொடங்குவதற்குக் காகம், மைனா, அணில் போதும். விவரம் வேண்டாம், முதலில் உடலின் சாய்வை மட்டும் ஒரே கோட்டில் பிடியுங்கள். அது அசைந்துவிட்டால் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இன்னொன்று தொடங்குங்கள். அதே நிலைக்கு அது திரும்பி வரும்போது முந்தையதைத் தொடரலாம். கூட்டின் அருகே போகாதீர்கள், போஸுக்காக இரை போடாதீர்கள். நீங்கள் வந்ததும் அது தின்பதை நிறுத்திவிட்டுத் தலை தூக்கினால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். கொஞ்சம் பின்னால் போய் உட்கார்ந்து, அது மறுபடி தின்ன ஆரம்பித்த பிறகு பென்சிலை எடுங்கள்.