தீபாவளி வீட்டு அலங்காரம்: சுங்கை சிப்புட் அக்காவிடம் கேள்வி பதில்

இந்த வருடம் (2026) மலேசியாவில் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இன்னும் நாள் இருக்கிறது என்று விட்டுவிட்டால் கடைசி வாரம் பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) பிளாஸ்டிக் மாலைதான் வாங்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்தது தோரணம், கோலம், விளக்கு, ரப்பர் இலை வேலை. அவற்றைப் பற்றி வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

பீடோரிலிருந்து ஒரு தங்கை: அக்கா, ரப்பர் இலையை நரம்பு மட்டும் நிற்கும்படி செய்து பூ கட்டுவார்களே, அதை வீட்டில் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் இலை. ரப்பர் மரம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை உதிர்த்துப் புதிதாகத் தளிர் விடும். தளிரை எடுத்தால் சதையோடு நரம்பும் கரைந்துபோகும். இப்போது மரத்தில் இருப்பது நன்றாக முற்றிய இலை, அதுதான் வேண்டும். ஒரு காம்பில் மூன்று இலை இருக்கும், பூச்சி அரிக்காததாகப் பார்த்துப் பறியுங்கள். கீழே விழுந்து காய்ந்தது உதவாது.

அவசரமில்லை என்றால் வாளித் தண்ணீரில் ஊறப் போடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் சதை கொழகொழவென்று ஆகிவிடும். நாற்றம் வரும், வாளியைக் கொல்லையில் வையுங்கள், அவ்வப்போது தண்ணீரை மாற்றுங்கள். மூடி போடாமல் விட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

அவசரம் என்றால் சலவை சோடா. ஆப்பச் சோடா அல்ல. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போட்டு, இலையைச் சிறு தீயில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ வேகவிடுங்கள். எவர்சில்வர் சட்டிதான் வேண்டும், அலுமினியத்தை சோடா அரித்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். அந்தச் சட்டியில் பிறகு சமைக்காதீர்கள்.

வெந்த இலையைத் தட்டில் தண்ணீருக்குள் விரித்து, மெல்லிய பல்துலக்கியால் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கித் தேய்த்தால் சதை வழுக்கிக்கொண்டு வரும். பொறுமை வேண்டும், அழுத்தினால் கிழியும். அப்புறம் தண்ணீர் கலந்த குளோராக்ஸில் (துணி வெளுக்கும் திரவம்) அரை மணி நேரம் போட்டால் வெளுக்கும். குளோராக்ஸோடு வினிகரையோ கழிப்பறை கழுவும் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். நன்றாக அலசி, பழைய புத்தகத்துக்குள் வைத்து அழுத்தி, சாயம் போட்டுக் கம்பியில் கட்டுங்கள். கூடத்து மேசை விளக்கைச் சுற்றி ஒட்டினால் சுவரில் நரம்பு நரம்பாக நிழல் விழும். அந்த விளக்கு எல்இடியாக இருக்க வேண்டும், சூடாகும் குண்டு பல்பு கூடாது.

தைப்பிங்கிலிருந்து ஒரு தம்பி: தோரணத்துக்குக் குருத்தோலை எங்கே கிடைக்கும்?

வீடு கட்டவோ நிலம் திருத்தவோ தென்னையை வெட்டும் இடத்தில் கேட்டு வாங்குங்கள். தீபாவளி நேரத்தில் ஈப்போ லிட்டில் இந்தியா பக்கம் பூக்கடைகளில் விசாரித்துப் பாருங்கள். பக்கத்தில் மலாய்க் குடும்பம் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். கெத்துப்பாட் (ஓலைக்கூட்டில் வேகவைக்கும் சோறு) பின்னுவதும் இதே குருத்தில்தான், நல்ல குருத்து எந்த மரத்தில் என்று அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் சொந்த மரம் என்றால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓலையின் மேல் பாதியை மட்டும் வெட்டுங்கள். நடுக்குருத்தைத் தோண்டாதீர்கள். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான், அது போனால் மரம் போச்சு. முனை தப்பினாலும் வெட்டுக்காயத்தின் வாசனைக்குச் செங்கூன் வண்டு வந்து முட்டையிடும்.

சித்தியவானிலிருந்து: எங்களைச் சுற்றிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தான். அதன் குருத்தில் தோரணம் கட்டலாமா?

சரியாக வராது. தென்னையின் ஈர்க்கோலை ஒரே தளத்தில் படுத்திருக்கும். செம்பனையில் இரண்டு மூன்று திசையில் சிலுப்பிக்கொண்டு நிற்கும், மட்டையில் முள் வேறு. தோட்ட நிர்வாகத்தின் மரத்தில் கை வைப்பதும் தப்பு. கழித்துப் போட்ட மட்டையிலிருந்து ஈர்க்கு உருவிக்கொள்ளுங்கள். மாவிலைக் காம்பை நூலில் மடித்துக் குத்த அந்த ஈர்க்குத் துண்டு போதும். ஸ்டேப்ளர் முள் மழையில் துருப்பிடித்து இலையில் கறை இறங்கும்.

கம்பாரிலிருந்து ஓர் அம்மா: தோரணத்தில் எத்தனை குருவி வைக்க வேண்டும்? பிள்ளைகள் ஏதோ மூன்று வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அவிழ்த்துவிடச் சொல்லுங்கள் அம்மா. ஓலையை மடித்து, சரிவாக வெட்டி, வெட்டிய நாக்கை உள்ளே செருகும்போது வருவதுதான் குருவி. நல்ல காரியத்துக்கு நான்கு, துக்க வீட்டுக்கு மூன்று. நாங்கள் கற்றதும் கற்றுக்கொடுப்பதும் இப்படித்தான்.

உடனே கோல கங்சாரிலிருந்து ஒருவர்: எங்கள் தோட்டத்தில் யாரும் எண்ணியதே இல்லை. கையில் வந்ததைக் கட்டினோம், நன்றாகத்தானே இருந்தோம்?

எண்ணாமல் கட்டினார்கள் என்பதை நான் ஏற்கவில்லை ஐயா. கட்டுகிற பெரியவரின் கை எண்ணிக்கொண்டிருக்கும், பார்க்கிற நமக்குத்தான் தெரியாது.

கிள்ளானிலிருந்து ஒரு தம்பி: அக்கா, கல்யாண மண்டபத்தில் அலங்காரக்காரர்களே மூன்று வைத்துக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அழகுதானே முக்கியம்?

வாடகை அலங்காரக்காரர் செய்தார் என்பதற்காக அது வழக்கம் ஆகிவிடாது தம்பி.

மறுபடியும் கோல கங்சார்காரர்: இதையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தால் இளைய பிள்ளைகள் தோரணம் பக்கமே வர மாட்டார்கள். மூன்றோ நான்கோ, ஓலையைத் தொட்டாலே போதும் என்று விடுங்கள்.

உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் என் அனுபவத்தில் பிள்ளைகள் ஓடுவது கணக்கைப் பார்த்து அல்ல, கணக்கைச் சொல்லாமல் திட்டுவதைப் பார்த்துத்தான். "இது சந்தோஷத்துக்கு, இது சாவு வீட்டுக்கு" என்று ஒருமுறை சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் பிடித்துப்போகிறது. தெருவில் நடக்கும்போது வாசல்களைப் பார்த்து எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டு தோரணமும் ஒன்றுதான் என்று விட்டால், துக்க வீட்டுக்காரர்களுக்கு என்று நம் முன்னோர் வைத்திருந்த அடையாளமும் சேர்ந்து அழியும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

பத்து காஜாவிலிருந்து: குருத்தோலை எங்கே வாங்கலாம் அக்கா?

மேலே தைப்பிங் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். நடுக்குருத்தைத் தோண்டாதீர்கள்.

அதே பத்து காஜா, இன்னொருவர்: நாங்கள் கிறிஸ்துவர்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கூரை வேய என்ன நல்லது?

காய்ந்த லாலாங் புல். கைநிறையப் பிடித்து நூலில் கற்றையாகக் கட்டி, கீழிருந்து மேலாக அடுக்குங்கள். ஓரம் கையை அறுக்கும், கவனம். பஞ்சுபோலப் பற்றிக்கொள்ளும் புல் என்பதால் குடிலுக்குள் மெழுகுவர்த்தி வேண்டாம், பேட்டரி விளக்கு வையுங்கள்.

ரவாங்கிலிருந்து: வண்ண அரிசிக் கோலம் போட்டால் சாயம் கையில் ஒட்டுகிறதே?

ஒரு கிலோ குருணைக்கு உணவுச் சாயத்தோடு இரண்டு தேக்கரண்டி வினிகர் சேர்த்துப் பிசறி, காகிதத்தில் மெல்லியதாகப் பரப்பி விசிறியில் ஒரு இரவு உலர்த்துங்கள், ஒட்டாது. வாசலுக்கு மட்டும் சாயம் இல்லாத பச்சரிசி மாவுதான் என் விருப்பம். எறும்புக்கும் மைனாவுக்கும் அது உணவு.

கூலிமிலிருந்து: ரப்பர் கொட்டையில் திரைச்சீலை கோர்க்க ஆசை.

நல்ல ஆசை, கொட்டையின் புள்ளிக்கோலம் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நன்றாக வெயிலில் காயவைத்து, கைத் துளைப்பானால் ஓட்டை போட்டு, வார்னிஷ் பூசுங்கள். காயாமல் கோர்த்தால் உள்பருப்பு அழுகும். பச்சைப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

சிரம்பானிலிருந்து: வீட்டுக்கு எந்த நிறம் அடித்தால் வாஸ்துப்படி நல்லது?

என் துறை இல்லை. வாஸ்து தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பூச்சோங் அடுக்குமாடியிலிருந்து: நாங்கள் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். இந்தச் சின்ன வீட்டில் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல்போல வராதா?

வரும் மா. கிரில் கதவின் மேல்கம்பியில் தோரணத்தைக் கட்டினால் ஆணி அடிக்க வேண்டியதில்லை. அம்மாவின் பழைய சேலையின் முந்தானையை மெத்தை உறையாகத் தைத்துவிடுங்கள், கரை வெளியே தெரியட்டும். ரப்பர் பால் பிடிக்கும் பழைய பீங்கான் மங்கு யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கி, எண்ணெய் ஊற்றித் திரி போடுங்கள். அகலைவிடப் பெரியது, காற்றுக்கு அணையாது. புது அகல் என்றால் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகு ஏற்றுங்கள், எண்ணெய் குடிப்பது குறையும். எல்லா விளக்கும் மணல் பரப்பிய தட்டின் மேல், உங்கள் வாசலை ஒட்டியே இருக்கட்டும். நடைபாதையில் வரிசை வைக்காதீர்கள், தீ என்றால் எல்லோரும் ஓட வேண்டிய வழி அது. காய்ந்த தோரணத்துக்குக் கீழே விளக்கு அறவே கூடாது.

செலாமாவிலிருந்து: மினுக்கு விளக்குச் சரம் பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

சிரிம் தரச் சான்று முத்திரை இருந்தால் வாங்குங்கள். தூங்கப் போகும்போது அணையுங்கள்.

ஜித்ராவிலிருந்து: அக்கா, குருத்தோலை...

தைப்பிங் தம்பிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். வாங்கிய பின் ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வையுங்கள், தீபாவளிக்கு முந்தின நாள் மாலைதான் கட்ட வேண்டும். இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும், அதற்குள் அழகு பார்த்துவிடலாம். மதியத்துக்கு மேல் மழை வரும் மாதம் இது, போர்ச்சின் உள்பக்கமாகவே கட்டுங்கள்.