முப்பத்தெட்டு வயதில் உகுலேலே பழக எங்கிருந்து தொடங்குவது?

உங்களுக்கு 38 வயது, எந்த வாத்தியமும் தொட்டுப் பழக்கமில்லை, கிடார் மாதிரி இருக்கும் சின்ன வாத்தியமான உகுலேலே வாங்க ஆசை. வீட்டில் அதைக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்கிறார்கள், வகுப்புக்குப் போக நேரமும் இல்லை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தொடங்கியபோது எனக்கு வயது 42. திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். மகள் கல்லூரி விடுதிக்குப் போனபோது பீரோ மேல் போட்டுவிட்டுப் போன உகுலேலேயைத் தூசி தட்டி எடுத்தேன். இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் நான் கண்டது இதுதான்: முதல் மாதத்திலேயே விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் விரல் வராமல் விடுவதில்லை. சுருதி சேராத கருவியை வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரும் கர்ண கடூரமான சத்தத்துக்குத் தங்கள் கைதான் காரணம் என்று நம்பி விடுகிறார்கள். நானும் மூன்று வாரம் அப்படி நம்பினேன். அதனால் கார்ட் (சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க விரல்களை வைக்கும் பிடி), ஸ்ட்ரம்மிங் (தந்திகளைச் சேர்த்துத் தடவி மீட்டுவது) எல்லாவற்றுக்கும் முன்னால் சுருதியைப் பற்றிச் சொல்கிறேன்.

உகுலேலேயில் நான்கு தந்தி, மேற்கத்திய ஸ்வரங்களின் எழுத்துகள்தான் அவற்றின் பெயர். வாசிக்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஜி, அடுத்து சி, பிறகு இ, தரைப் பக்கம் ஏ. கிடார் பார்த்துப் பழகியவர்கள் மேல் தந்திதான் தாழ்ந்து ஒலிக்கும் என்று நினைப்பார்கள். இங்கே நான்கிலும் தாழ்ந்தது இரண்டாவது தந்தியான சி. மேலே இருக்கும் ஜி, சி-யையும் இ-யையும் விட உயர்ந்தது. பாட்டு தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம்: சி-யை ஸட்ஜமாக வைத்தால் மேலிருந்து கீழாக ப, ஸ, க, த.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் அம்மா சிறு வயதில் பாட்டு கற்றவள். நான் கூடத்தில் உட்கார்ந்து டொய்ங் டொய்ங் என்று தட்டிக்கொண்டிருந்தபோது கீரை ஆய்ந்தபடியே, "ஒரு கட்டைக்குத்தானே வெச்சிருக்கே? பஞ்சமம் சேரலையேடி" என்றாள். ஸட்ஜம் சி-யில் இருந்தால் அது ஒரு கட்டை, பஞ்சமம் என்பது ப. சுருதி காட்டும் ட்யூனரை வைத்துப் பார்த்தேன். ஜி தந்தி கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

ட்யூனர் என்று தலைப்பகுதியில் மாட்டுகிற சின்ன கிளிப் ஒன்று கிடைக்கும், முதல் நாளே வாங்கிவிடுங்கள். செல்போன் செயலியும் போதும், ஆனால் மிக்ஸி ஓடும் வீட்டில் கிளிப்தான் உதவும், அது மரத்தின் அதிர்வை நேராக வாங்குகிறது. எந்தத் தந்தியை மீட்டுகிறீர்களோ அதன் திருகுதான் கையில் இருக்கிறதா என்று விரலால் தொடர்ந்துபோய்ப் பாருங்கள். நான் திரையில் தெரிந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு வேறு திருகைச் சுற்றிச் சுற்றி ஏ தந்தியை அறுத்திருக்கிறேன். சுருதி ஏறிவிட்டால் நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டே வந்து சரியான இடத்தில் நிறுத்துங்கள். இறக்கிக்கொண்டே வந்து நிறுத்தினால் திருகில் இருக்கும் தொய்வு, நான்கு முறை மீட்டியதும் சுருதியை இன்னும் கீழே இழுத்துவிடும்.

புதுத் தந்தி நைலான் வகையைச் சேர்ந்தது, ஒரு வாரம், பத்து நாள் வரை இழுபட்டுக்கொண்டே இருக்கும். காலையில் சேர்த்த சுருதி மாலையில் இருக்காது. கருவி கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் ட்யூனரைப் பார்ப்பதற்கு முன் தந்தி ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று மனதில் ஒரு பதில் சொல்லிக்கொண்டு, பிறகு திரையைப் பாருங்கள். எனக்கு ஒரு மாதத்தில் பத்துக்கு எட்டு சரியாக வந்தது. காது பழகுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் என் பிரச்சினை தீரவில்லை. விரல் வைக்காமல் நான்கு தந்தியையும் தடவினால் தேன் மாதிரி இருக்கும். எஃப் கார்ட் பிடித்தால் புளிக்கும். அழுத்தம் போதவில்லையோ என்று விரல் நுனி சிவக்க அழுத்தினேன், இன்னும் மோசமானது. கடைசியில் கிடார் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து அந்த இடைவெளியில் விட்டார். டிக்கெட் உள்ளே போய், சுற்றிலும் இன்னும் இடம் இருந்தது. "உங்க விரல்ல தப்பில்லம்மா. நட் உசரமா இருக்கு" என்றார்.

நட் என்பது தலையும் கழுத்தும் சேரும் இடத்தில், தந்திகள் பள்ளத்தில் உட்கார்ந்து வரும் சின்ன வெள்ளைத் துண்டு. அது உயரமாக இருந்தால், முதல் ஃப்ரெட்டில் விரல் வைக்கும்போது தந்தி நெடுந்தூரம் கீழே போக வேண்டும். போகும்போது இழுபடும், இழுபட்டால் சுருதி ஏறும். உகுலேலேயின் தந்தி நீளம் குறைவு என்பதால் இந்த ஏற்றம் நன்றாகவே காதில் விழும். பெரியவர் ஊசி மாதிரி மெல்லிய அரத்தை எடுத்து ஒவ்வொரு பள்ளத்திலும் நாலைந்து இழுப்பு இழுத்தார், தந்தியை மாட்டினார், சுருதி சேர்த்தார், பார்த்தார், மறுபடி கழற்றி இரண்டு இழுப்பு. முக்கால் மணி நேரம் ஆனது. எஃப் கார்ட் பிடித்துத் தடவினேன். என் கை அதேதான், புளிப்பு மட்டும் போய்விட்டது. கூடவே பயமும் வந்தது: இவரிடம் வராமல் இருந்திருந்தால் எனக்கு இசை வராது என்று முடிவு கட்டி அதை மறுபடி பீரோ மேல் ஏற்றியிருப்பேன்.

நீங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். இ தந்தியைச் சரியாகச் சேர்த்துவிட்டு, முதல் ஃப்ரெட்டில் லேசாக அழுத்தி மீட்டுங்கள். ட்யூனர் எஃப் என்று நடுவில் காட்ட வேண்டும். முள் வலப் பக்கம் ஓடினால் நட் உயரம். பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பாருங்கள், அதே இ மேல் ஸ்தாயியில் வர வேண்டும். கடையில் வாங்கும்போதே இந்த இரண்டையும் செய்யுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள். அளவைப் பொறுத்தவரை சோப்ரானோ 21 அங்குலம், கான்சர்ட் 23, டெனர் 26. பெரியவர்கள் கைக்கு கான்சர்ட் நல்லது, ஃப்ரெட்டுகள் நெருக்கியடிக்காது. பாரிடோன் இப்போது வேண்டாம், அதன் சுருதி வேறு.

விளையாட்டுச் சாமான் என்பவர்களிடம் சண்டை வேண்டாம், கதையைச் சொல்லுங்கள். 1879 ஆகஸ்ட் 23 அன்று ராவன்ஸ்க்ராக் என்ற கப்பல், போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹவாயின் ஹொனலூலுவுக்கு வந்தது. அதில் மானுவல் நூனெஸ், அகஸ்டோ டயஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் ஊர்ச் சிறு வாத்தியம்தான் ஹவாயின் கோவா மரத்தில் உகுலேலே ஆனது. மன்னர் கலாகவுவா அதை அரண்மனைக் கொண்டாட்டங்களுக்குள் கொண்டுவந்தார். பிழைப்புத் தேடிக் கடல் தாண்டியவர்களோடு வந்த வாத்தியம் அது. இன்று ஹவாய்க்காரரான ஜேக் ஷிமாபுகுரோ இதே நான்கு தந்தியில் தனிக்கச்சேரியே செய்கிறார்.

இனி விரல். நான்கு கார்ட் போதும்: சி, ஏ மைனர், எஃப், ஜி செவன். தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் பாதையாகப் பழகுங்கள். சி-க்கு மோதிர விரல் ஏ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில், அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு நடுவிரலை ஜி தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில் வைத்தால் ஏ மைனர். நடுவிரலை அசைக்காமல் ஆள்காட்டி விரலை இ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் சேர்த்தால் எஃப். இப்போது ஆள்காட்டி விரல் தங்கட்டும், நடுவிரல் பக்கத்துத் தந்தியான சி-யின் இரண்டாவது ஃப்ரெட்டுக்கு நகரட்டும், மோதிர விரல் ஏ தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில் இறங்கட்டும்: ஜி செவன். அங்கிருந்து மோதிர விரல் அதே தந்தியில் ஒரு ஃப்ரெட் சறுக்கி, மற்ற இரண்டும் எழுந்தால் மறுபடி சி. இந்த வட்டத்தில் முதல் தாவலைத் தவிர எப்போதும் ஒரு விரல் தந்தியை விடுவதே இல்லை. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஃப்ரெட் கம்பியின் மேலேயே அழுத்தாமல், தலைப் பக்கமாக அதை ஒட்டி அழுத்துங்கள். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். விரல் நுனி வலி இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும்.

வலது கைக்கு ஒன்றே ஒன்று: நிற்கக் கூடாது. கை கழுவிவிட்டுத் தண்ணீரை உதறுவோமே, அந்த மணிக்கட்டு அசைவுதான் ஸ்ட்ரம்மிங். கழுத்து உடலோடு சேரும் இடத்தில், ஆள்காட்டி விரல் நகத்தால் கீழே, அதே விரலின் சதையால் மேலே. இடது கை அடுத்த கார்டுக்குத் தயாராகவில்லையா? பரவாயில்லை, வலது கை விரல் வைக்காத, திறந்த தந்தியையே தடவிக்கொண்டு போகட்டும், தாளம் அறுபடாமல் இருந்தால் இடது கை தானாக ஓடி வந்து பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கார்டுக்கும் நின்று நின்று வாசித்துப் பழகினால் அந்த நிற்றல்தான் விரலில் ஊறும். நான் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் வாசிப்பேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்வதைவிட அது பலன் தந்தது.

நம் காதுக்கு உகுலேலே தருகிற ஒரு பரிசு உண்டு. ஒருநாள் நான் சுருதி சேர்த்து முடித்துத் திறந்த தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையிலிருந்து ஏதோ முனகிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மோகனம்டி இது. ரிஷபத்தை மட்டும் போடு" என்றாள். எண்ணிப் பார்த்தேன். ப, ஸ, க, த நான்கும் மோகனத்தின் ஸ்வரங்கள், விட்டுப்போனது ரி ஒன்றுதான். சி தந்தியைத் திறந்து மீட்டினால் ஸ, அதன் இரண்டாவது ஃப்ரெட் ரி, திறந்த இ தந்தி க, அதன் மூன்றாவது ஃப்ரெட் ப, திறந்த ஏ தந்தி த, அதன் மூன்றாவது ஃப்ரெட் மேல் ஸ. மூன்றே இடத்தில் விரல் வைத்தால் ஒரு ராகத்தின் ஆரோகணம் முழுக்க வந்துவிடுகிறது. வீணையில் மெழுகில் நிற்கும் உயரமான மெட்டின் மேல் தந்தியை இழுத்து வாங்குகிற கமகம் இதில் வராது. அம்மா அதையும் சொன்னாள். ஆனாலும் கார்ட் பிடித்துக் களைத்த நாட்களில் இந்த ஆறு ஸ்வரத்தை மெதுவாக ஏறி இறங்குவது எனக்குப் பெரிய ஆறுதல்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. அம்மாவைப் பாடச் சொல்லி சி-யில் தொடங்கினேன். இரண்டு வரியில் நிறுத்திவிட்டாள். "ஒரு கட்டை எனக்கு ஆகாதுடி, நான் அஞ்சு கட்டை." சி ஒரு கட்டை, ஜி ஐந்து கட்டை, ஏ ஆறு கட்டை. இணையப் பாடங்கள் பாதிக்கு மேல் சி-யில் தொடங்கும். ஆண் குரல்கள் பலவற்றுக்கு அது ஒத்துவரும், பெண்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. பாடும்போது தொண்டை இறுகினால் குரலைக் குறை சொல்லாமல் கட்டையை மாற்றுங்கள். ஐந்து கட்டைக்கு ஜி, சி, டி என்ற மூன்று கார்ட். ஆறு கட்டைக்கு ஏ, டி, இ செவன். இ கார்ட் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆரம்பத்தில் அதன் இடத்தில் இ செவன் போட்டுக்கொள்ளலாம்.

டி கார்டுக்கு ஒரே ஃப்ரெட்டில் மூன்று விரலை நெருக்கி உட்கார வைக்க வேண்டும். மகளுடையது சோப்ரானோ, இடம் போதாது. ஆறு மாதமாக அதைத்தான் பழகுகிறேன். ராத்திரி அம்மா பாட, நான் அடித்துக்கொண்டு போவேன். ஜி-யிலிருந்து டி-க்குப் போகும் இடத்தில் மட்டும் அவள் அந்த ஸ்வரத்தைச் சற்று நீட்டிப் பிடித்துக்கொண்டு, என் விரல்களைப் பார்த்தபடி இருப்பாள்.