சிபாப் மாஸ்க் ஒத்துவராத அப்பாவுக்குப் பல் கருவி சரிப்படுமா?

தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்காகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மாஸ்க் ஒத்துவரவில்லை, கோத்தகிரியில் இருக்கும் அப்பாவுக்கு ஏ.எச்.ஐ. (தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு) 18 என்கிறீர்கள். அது நடுத்தர வகை (15 முதல் 30 வரை), தாராளமாக முயலலாம். மேல், கீழ் பற்களில் மாட்டும் இந்தக் கருவி கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும். கூடவே நாக்கும் முன்னால் வருவதால் தொண்டையில் மூச்சுப் பாதை திறந்தே இருக்கும். மில்லிமீட்டர் கணக்கில் மெல்ல மெல்லத்தான் நகர்த்துவார்கள். தொடக்கத்தில் காலையில் தாடை வலிக்கும், எச்சில் ஊறும்; பெரும்பாலும் பழகிவிடும். சிபாப் போல இதற்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனாலும் கவலையில்லை, மலையில் அது பெரிய விஷயம்.

ஆடும் பல், ஈறு நோய் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். குறட்டை நின்றதை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். கருவியை மாட்டிக்கொண்டே மறுபடி தூக்கப் பரிசோதனை எடுக்க வேண்டும். முடிந்தால் கோத்தகிரி வீட்டிலேயே. உயரத்தில் ஆக்சிஜன் அளவு கோவையில் காட்டுவதைவிடக் குறைவாக இருக்கும்.