குதிகால் வலிக்கு ஷாக்வேவ் சிகிச்சை பலன் தருமா?

கேள்வி: எனக்கு வயது 48, பள்ளி ஆசிரியை. எட்டு மாதங்களாக வலது குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கத்தில் வலி இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதல் சில அடிகள் வைப்பதே சிரமம். மாத்திரை சாப்பிட்டால் அப்போதைக்குக் குறைகிறது. ஷாக்வேவ் சிகிச்சை எடுக்கும்படி பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். இது மின்சாரம் பாய்ச்சும் சிகிச்சையா? இதை எடுத்துக்கொண்டால் உடற்பயிற்சியை விட்டுவிடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: மின்சார பயம் வேண்டாம். உடலுக்குள் செல்வது அழுத்த அலை மட்டுமே. 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் சிறுநீரகக் கல்லைக் கத்தியின்றி உடைக்கப் பயன்பட்ட முறையிலிருந்து வளர்ந்த சிகிச்சை இது. பிசியோதெரபி நிலையங்களில் பெரும்பாலும் உள்ள கருவியில், அழுத்தப்பட்ட காற்று கைப்பிடிக்குள் இருக்கும் சிறு உலோகத் துண்டைத் தள்ள, அது முனையில் மோதி எழுப்பும் அலை தோல் வழியே, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்குப் பரவுகிறது. ஜெல் தடவி, வலிக்கும் இடத்தில் முனையை வைத்ததும் 'டக் டக்' என்று விடாமல் தட்டுவது போல இருக்கும். ஒரு தடவைக்குச் சுமார் 2,000 தட்டல்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடும். வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து தடவை செய்வது வழக்கம். வலி பொறுக்க முடியாவிட்டால் சொல்லுங்கள், அழுத்தத்தைக் குறைப்பார்கள். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும் என்பதால், முதல் தடவைக்குப் பிறகு வலி அப்படியே இருக்கிறதே என்று மனம் தளர வேண்டாம்.

பயிற்சியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்தச் சிகிச்சை வலியைத் தணிக்க உதவலாம். தசைநாணுக்கு மறுபடி வலு ஏறுவதோ, அதன் மீது படிப்படியாகச் சுமை ஏற்றும்போதுதான். உங்களைப் போல அக்கிலிஸ் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும்) தசைநாணின் நடுப்பகுதியில் வலி உள்ளவர்களிடம் நடத்தி 2009-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, பயிற்சியுடன் ஷாக்வேவும் பெற்றவர்கள் நான்கு மாதத்தில் கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். எல்லா இடத்து வலிக்கும் இதே பலனை எதிர்பார்க்க முடியாது. டென்னிஸ் எல்போ எனப்படும் முழங்கை வலியில் ஆய்வு முடிவுகள் ஊக்கமளிப்பதாக இல்லை.

பயிற்சி எளிதுதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு கால்களாலும் எழும்பி, வலிக்கும் காலில் மட்டும் எடையைத் தாங்கியபடி குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்றுகள், பிறகு முட்டியைச் சற்று மடக்கி அதேபோல மூன்று சுற்றுகள். காலையும் மாலையும், 12 வாரங்கள். தாங்கக்கூடிய வலி இருந்தாலும் தொடரலாம். குதிகால் எலும்போடு தசைநாண் சேரும் இடத்தில் வலி உள்ளவர்கள் மட்டும் படியைத் தவிர்த்துச் சமதரையில் செய்ய வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும், அந்த இடத்தில் கட்டியோ கிருமித்தொற்றோ உள்ளவர்களுக்கும் ஷாக்வேவ் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். பணம் கட்டுவதற்கு முன், பயிற்சியும் சேர்த்துக் கற்றுத்தருவார்களா என்று கேளுங்கள். கருவியை மட்டும் வைத்து அனுப்பிவிடும் இடமென்றால் வேறு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.